குழாய் கேட்டால் ஷட்டர் திறக்குமா? கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

பாசன ஆராய்ச்சி செய்கிற விஞ்ஞானிகளுக்கும், அந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற அதிகாரிகளுக்கும் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை விவசாயி ஒருவன் எழுதிக்கொள்வது.

எனக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நெல் வயல் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் விட்டுவைத்த கொஞ்சம் தென்னையும் இருக்கிறது. எங்களுக்குத் தண்ணீர் தருவது கல்லணைக் கால்வாய். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, புதாறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த ஆறு என்பதால் தாத்தா காலத்து ஆட்களுக்கு அது புது ஆறு. பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்லணையில் கிளம்பி ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலையில் போய் முடிகிறது. நாங்கள் வால் பக்கம். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மலர் தூவுகிற படம் மறுநாள் பேப்பரில் வரும். எங்கள் மதகில் தண்ணீர் தலைகாட்டுவதற்குள் அந்தப் பேப்பரில் வடை மடித்துத் தின்று கையும் துடைத்திருப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆராய்ச்சிக் குழு எங்கள் ஊருக்கு வந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், சேற்றில் இறங்கத் தயங்காதவர்கள். ரோட்டோரம் இருந்த வயல் ஒன்றில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டார்கள். ஒரு அடி நீளம், கீழ்ப்பாதி முழுக்க ஓட்டை. ஓட்டை உள்ள பாதி மண்ணுக்குள், மேல் பாதி வெளியே. குழாய்க்குள் இருந்த சேற்றைக் கையால் அள்ளி வெளியே போட்டதும், கொஞ்ச நேரத்தில் உள்ளே தண்ணீர் ஊறி நின்றது. வயலுக்குள் ஒரு குட்டிக் கிணறு. மேலே தண்ணீர் வற்றின பிறகும் மண்ணுக்கடியில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அதில் எட்டிப் பார்த்தால் தெரியும். பதினைந்து சென்டிமீட்டர் இறங்குகிற வரைக்கும் பயிருக்கு ஒன்றும் ஆகாது. அதற்கப்புறம் ஐந்து சென்டிமீட்டர் நிற்கிற அளவுக்குத் தண்ணீர் விட்டால் போதும். நட்ட புதிதிலும் பூக்கிற சமயத்திலும் மட்டும் காயவிடக் கூடாது.

பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை என்று சொன்னார்கள். எங்கள் அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் வை என்று அவர் சொல்லிச் சொல்லியே எனக்குக் காது புளித்திருந்தது. ஆனால் அப்பாவுக்குத் தெரியாத ஒன்று அந்தக் குழாய்க்குத் தெரியும். காய்ச்சல் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை அவர் வெடிப்பைப் பார்த்தும் இலையைப் பார்த்தும் சொல்வார். இலை சுருண்டு காட்டும்போது பயிர் ஏற்கெனவே தவித்திருக்கும். குழாய் அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும். அந்த அளவில் இந்த ஆராய்ச்சியை மனதார மதிக்கிறேன்.

அதனால்தான் நானும் ஒன்று செய்தேன். போர்வெல் போட்டபோது மிஞ்சிய பி.வி.சி. துண்டு, பழுக்கக் காய்ச்சிய ஆணி, அரை மணி நேர வேலை. வாய்க்காலில் முறை வைத்து விடுகிற தண்ணீர் வந்த நாளில் குழாயைப் பார்த்தேன். இன்னும் எட்டு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. சரி, வேண்டாம் என்று மடையை அடைத்துவிட்டேன். அடுத்த முறை ஏழு நாளில் வர வேண்டியது. வந்தது பதினாறாவது நாள். மேலே எங்கேயோ உடைப்பு என்றார்கள், அப்புறம் ஷட்டர் ரிப்பேர் என்றார்கள். அதற்குள் மயிரிழை வெடிப்பு விரல் நுழைகிற வெடிப்பாகிவிட்டது. தண்ணீர் வந்தும் முதலில் வெடிப்புக்குள் போனது, மிச்சம் நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்குப் போனது. காய்ந்த வயலில் கோரையும் புல்லும் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பின. வழக்கமாக இரண்டு களை எடுப்போம். அந்த வருடம் நான்கு. என் வீட்டுக்காரி கூலிக் கணக்கை எழுதி முடித்துவிட்டுக் கேட்டாள்: "தண்ணி மிச்சம்னு சொன்னீங்களே, அந்த மிச்சம் எங்க இருக்கு? எடுத்துட்டு வாங்க, அதுல கூலி கொடுப்போம்."

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இந்த மடலில் உங்களுக்கு அனுப்புகிறேன்.

ரோட்டோரத்து மாதிரி வயலில் மகசூல் நன்றாகவே வந்தது. ஏன் வராது? அந்த வயலுக்கு போர் இருந்தது. குழாய் 'வை' என்றால் மோட்டாரைப் போடுவார்கள், 'வேண்டாம்' என்றால் நிறுத்துவார்கள். வாய்க்காலை நம்பியிருக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. வருகிறபோது பிடித்து வைத்தால்தான் உண்டு. வரப்பு ததும்பத் தண்ணீர் கட்டுகிறவனை விவரமில்லாதவன் என்று நினைக்காதீர்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்று தெரியாதவன் அவன். சென்னையில் குடத்தை வரிசையில் வைக்கிறவர்களைப் போலத்தான். அவர்களிடம் போய்க் குடத்தைப் பாதி நிரப்பினால் போதும் என்று யாராவது சொல்வார்களா?

ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் என்பது ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். பெரிய டேங்கர் லாரியில் பதினேழு லோடு. நான் ஒரு முறை தண்ணீர் வேண்டாம் என்று விட்டால், என் இரண்டு ஏக்கருக்கு முப்பத்து நான்கு லோடு. அந்த முப்பத்து நான்கு லோடும் எனக்குக் கீழே இருக்கிறவருக்குப் போனதா, வடிகாலில் விழுந்து கடலுக்குப் போனதா, எனக்கு மேலே இருக்கிறவர் ஷட்டரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டாரா? இதை யாரும் அளக்கவில்லை. வயலில் குழாய் நட்டவர்கள் வாய்க்காலில் ஒரு அளவுகோல்கூட நடவில்லை.

இதே முறை வாய்க்கால் முழுக்க நன்றாக வேலை செய்த இடமும் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் போஹோல் தீவு. அங்கேயும் தலைமடைக்காரர்கள் தண்ணீரைக் கட்டி வைக்க, கடைமடை காய்ந்துகொண்டிருந்தது. 2005-06 வாக்கில் அந்நாட்டுப் பாசன நிர்வாகமும் நெல் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து முறை வைத்து விட்டார்கள். விவசாயி தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. வாய்க்காலே காய்ச்சலும் பாய்ச்சலுமாக ஓடியது. பயிர்ச்செறிவு 119 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 160 சதவீதத்துக்குப் போனது. அதாவது முன்பு நூறு ஏக்கர் நிலத்தில் வருடத்துக்கு 119 ஏக்கர் சாகுபடி என்றால், அப்புறம் 160 ஏக்கர். குழாய் எல்லா ஊரிலும் ஒன்றுதான். அங்கே ஷட்டரும் குழாயோடு சேர்ந்து வேலை செய்தது, அவ்வளவே வித்தியாசம்.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது. இலங்கையில் அம்பாறைப் பக்கம் கல்லோயா. பெரிய நீர்த்தேக்கம், அதன் இடதுகரை வாய்க்காலில் தலைமடை பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் விவசாயிகள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க நிதியில் அந்த வாய்க்காலைச் சீரமைக்கும் வேலை தொடங்கியது. சிமெண்டு வேலை மட்டுமே செய்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை அமைப்பாளர்களாக ஊர்களிலேயே போய்த் தங்கவைத்தார்கள். அவர்கள் முதல் நாளே சங்கம் வைக்கச் சொல்லவில்லை, நோட்டீஸ் கொடுக்கவில்லை. ஒரு வயல் வாய்க்காலைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேரை உட்காரவைத்து, உங்கள் பிரச்சினை என்ன, நீங்களே செய்துகொள்ளக்கூடியது என்ன என்று கேட்டார்கள். வருடக்கணக்காகத் தூர்வாராத வாய்க்கால்களில் ஆட்களே இறங்கினார்கள். முறை வைத்துக்கொண்டார்கள். தலைமடைக்காரர்கள் தங்கள் மடையை அடைத்துக் கீழே தண்ணீர் விட்டார்கள். எந்தக் காலத்தில்? 1983-க்கு முன்னும் பின்னும், அந்தத் தீவில் இரண்டு இனத்துக்கும் நடுவே தீ எரிந்துகொண்டிருந்த காலத்தில்.

1997 சிறுபோகத்தில், அதாவது அங்கே மழை குறைந்த பருவத்துச் சாகுபடியில், நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைவு. 15,000 ஏக்கருக்கு மேல் நெல் போட முடியாது என்று பொறியாளர்களும் அதிகாரிகளும் கணக்குச் சொன்னார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் உருவான அந்த விவசாயி அமைப்புகள் பார்த்துப் பார்த்துப் பங்கிட்டு 65,000 ஏக்கரில் அறுவடை செய்தன, அதுவும் வழக்கத்தைவிட நல்ல விளைச்சலோடு. பொறியாளர்கள் கணக்குத் தெரியாதவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தால் எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பதற்கு அவர்கள் கணக்கில் இடமில்லாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கல்லோயாவில் கார்னெல் சார்பில் இருந்தவர் நார்மன் அப்ஹாஃப். மடகாஸ்கரில் ஹென்றி த லோலானியே என்ற பாதிரியார் விவசாயிகளோடு இருந்து கண்டெடுத்த நெல் நடவு முறையை உலகமெல்லாம் கொண்டுபோனவரும் அவர்தான். இளநாற்று, ஒற்றை நாற்று, சதுர நடவு, தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது. நம் ஊரில் செம்மை நெல் சாகுபடி என்று பெயர் வைத்தார்களே, அதுதான். கல்லோயாவில் விவசாயி பேசுவதை உட்கார்ந்து கேட்ட மனுஷன், பாதிரியாரும் விவசாயிகளும் வயலில் கண்டுபிடித்ததையும் தள்ளிவிடாமல் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இங்கே நம் நிலைமைக்கு வருவோம். புதாற்றில் கான்கிரீட் போடும் வேலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். கடைமடைக்காரனாக எனக்கு அதில் ஆசை உண்டு. கரையும் தரையும் சிமெண்டானால் தண்ணீர் சீக்கிரம் வந்து சேரும். ஆனால் மேலே ஒரத்தநாட்டுப் பக்கம் இருக்கிற என் சகலை அடித்தளத்தில் கான்கிரீட் போடாதே என்று போராட்டத்துக்குப் போனார். ஆற்றில் கசிகிற தண்ணீர்தான் அவர் போருக்கு ஊற்று. எனக்கு வீணாகப் போகிற தண்ணீர் அவருக்குக் குடிக்கிற தண்ணீர். பொங்கலுக்கு வந்தவர் இதைப் பேசிப் பேசிக் கடைசியில் கரும்பைக்கூடக் கடிக்காமல் எழுந்து போனார். எங்கள் இருவரில் யார் சொல்வது சரி? எந்த இடத்தில் எவ்வளவு கசிகிறது, அதில் எவ்வளவு எந்தப் போருக்குப் போகிறது என்று அவர் ஊர் ஆட்களும் எங்கள் ஊர் ஆட்களும் கூடவே நின்று அளந்திருந்தால், ஒருவேளை பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அளவு சரியாக இருப்பது முக்கியம்தான். அளக்கும்போது நாங்கள் கூட இருந்தால்தான் அதை நம்புவோம், அதுவும் முக்கியம்.

மிச்சம் பிடிப்பது என்கிற பேச்சில் என் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். சிறு விவசாயிக்கு முழு மானியத்தில் சொட்டுநீர் கிடைக்கிறதென்று தென்னைக்குப் போட்டேன். மரத்துக்குப் போகிற தண்ணீர் குறைந்தது உண்மை. மிச்சமான தண்ணீரில் ஊடே வாழை வைத்தேன். மோட்டார் ஓடுகிற நேரம் ஒரு நிமிஷம்கூடக் குறையவில்லை. 1990-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மும்முனை கரண்ட் எப்போது வருமோ என்று எல்லாரும் ஆட்டோ ஸ்விட்ச் போட்டு வைத்திருக்கிறோம். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், நிலத்துக்குத் தேவையா இல்லையா என்று அது கேட்காது. நவீனப் பாசனக் கருவி போட்டதால் மட்டும் தண்ணீர் மிஞ்சாது, பல இடங்களில் செலவு கூடத்தான் செய்கிறது என்று ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பே 2017-இல் அறிக்கை போட்டிருக்கிறது. இங்கே கடற்கரை பக்கம். அதிகமாக இறைத்தால் உப்பு உள்ளே வரும். வாழையும் போகும், தென்னையும் போகும். தெரிந்தேதான் இறைக்கிறேன். நான் நிறுத்தினால் பக்கத்துப் போர் இறைக்கும் என்கிற பயம்தான் காரணம்.

இந்தப் பயத்துக்கு மருந்து தேடிய ஊர்கள் அன்றைய ஆந்திரத்தில் இருந்தன. 2000-களில் வறட்சி மாவட்டங்கள் ஏழில், நூற்றுக்கணக்கான கிராமங்களில், விவசாயிகளே மழையை அளந்தார்கள், கிணற்று நீர்மட்டத்தை அளந்தார்கள், ஊர்ச் சுவரில் எழுதி வைத்தார்கள். உணவு வேளாண் அமைப்பு துணை நின்றது. மழைக்காலம் முடிந்ததும் கூடி உட்கார்ந்து, நிலத்தடியில் இவ்வளவு இருக்கிறது, இந்தப் பயிருக்கு இவ்வளவு வேண்டும் என்று வரவு செலவு பார்த்தார்கள். நெல் போடாதே என்று யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. கணக்கு கண்ணெதிரே இருந்ததால் பலர் தாங்களே பயிரை மாற்றிக்கொண்டார்கள். ஆனால் திட்டக் காலம் முடிந்த பின் பல இடங்களில் அளக்கிற பழக்கம் தளர்ந்துபோனது. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூட்டாகச் செய்தாலே எல்லாம் நிலைத்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. மூன்று வருடப் பணத்தில் முப்பது வருடப் பழக்கத்தை மாற்ற முடியாது.

நான் கேட்பது பெரிதில்லை. அடுத்த ஆராய்ச்சிக்கு ரோட்டோரத்து வயலைத் தேடாதீர்கள். ஒரு கிளை வாய்க்காலை எடுங்கள், தலைமதகிலிருந்து கடைசி வயல் வரைக்கும் முழுசாக. குறைந்தது ஐந்து சம்பா பாருங்கள். நல்ல தண்ணீர் வருடமும் அதில் வரட்டும், பொய்த்த வருடமும் வரட்டும். குழாய்களைக் கடைமடையில் அதிகமாக நடுங்கள். பாசனப் பொறியாளரும், மதகைத் திறந்து மூடுகிற எங்கள் லஸ்கரும் முதல் நாளிலிருந்தே குழுவில் இருக்க வேண்டும், திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொள்ள மட்டும் வரக் கூடாது. கீழே பத்துக் குழாயில் தண்ணீர் பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிவிட்டது என்று தகவல் போனால், ஷட்டரைத் தூக்க அவர்களுக்கு அதிகாரம் வேண்டும். கரண்ட் விடுகிற நேரத்தை முடிவு செய்கிறவர்களையும் கூப்பிடுங்கள்.

கூப்பிட வேண்டிய இன்னும் சிலர் உண்டு, அவர்களை எப்போதும் மறந்துவிடுகிறோம். காயவிட்ட வயலில் களை எடுப்பது பெண்கள். தண்ணீரை மிச்சம் பிடித்த பெருமை விவசாயிக்கும் விஞ்ஞானிக்கும், முதுகுவலி அவர்களுக்கு. கோனோ வீடர் என்கிற களைக் கருவியை முதல் முறை இழுத்துப் பார்த்தபோதே எங்கள் ஊர்ப் பெண்கள் அதன் கனத்தைப் பற்றிச் சொன்னார்கள், யாரும் குறித்துக்கொள்ளவில்லை. குத்தகைக்காரர்களும் அப்படித்தான். ஐந்து வருட ஆராய்ச்சி என்றால் நிலச் சொந்தக்காரர் கையெழுத்துப் போடுவார், சோதனைக்குத் தன் மகசூலைப் பணயம் வைப்பது குத்தகைக்காரர். பக்கத்து வயலைவிடக் குறைந்தால் அந்த வித்தியாசத்தை ஆராய்ச்சிப் பணத்திலிருந்து கொடுங்கள். அதற்கு ஒரு தலைப்பு உங்கள் பட்ஜெட்டில் இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள். விருந்துக்கும் வண்டிக்கும் தலைப்பு இருக்கிறதே.

அப்புறம் அளவு நோட்டு. ஒரு பிரதி ஊரில் இருக்க வேண்டும். ரோட்டோரத்து வயலில் எடுத்த அளவெல்லாம் என்ன ஆயிற்று என்று இன்றுவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. போர்டு மட்டும் நிற்கிறது. எழுத்து அழிந்து, இப்போது அதில் ஆடு கட்டுகிறார்கள். நெல் வயலைக் காயப்போட்டால் பூமியைச் சூடாக்குகிற மீத்தேன் வாயு குறையும், அப்படிக் குறைத்ததற்குக் கார்பன் பணம் வரும் என்று சொல்லிக்கொண்டு இப்போது வேறு ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மீத்தேன் குறைவது உண்மைதான். ஆனால் எங்கள் வயலில் எடுத்த அளவு யாருக்குச் சொந்தம், அதை வைத்து வருகிற பணத்தில் களை எடுத்தவருக்கு என்ன பங்கு என்பதை முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். தோற்றுப்போனதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். என் பதினாறு நாள் கதை எந்த அறிக்கையிலும் வரவில்லை, ஏனென்றால் என் வயல் ஆராய்ச்சி வயல் இல்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. விவசாயிகள் பாசன அமைப்புகளை நிர்வகிக்கத் தமிழ்நாட்டில் 2000-த்திலேயே சட்டம் வந்துவிட்டது. உலக வங்கிக் கடனில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் நீர்வளத் துறை, வேளாண் துறை, பல்கலைக்கழகம், மீன்வளத் துறை என்று பல துறைகளை ஒரே உபவடிநிலத்தில், அதாவது ஒரு கிளையாற்றுக்குத் தண்ணீர் வடிகிற நிலப்பரப்பில், இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். சேர்ந்து உட்காருவது நமக்குப் புதிதில்லை. உட்கார்ந்த இடத்தில் கடைமடைக்கு ஒரு நாற்காலி போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் குழாய் இன்னும் வயலில்தான் நிற்கிறது. போன சம்பாவில் அதற்குள் ஒரு நண்டு குடிவந்துவிட்டது; அளக்கக் குச்சி விட்டால் பிடித்துக்கொள்கிறது. வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லுங்கள், நண்டை வெளியே எடுத்துவிட்டு வைக்கிறேன். வரும்போது பொறியாளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
புதாற்றுக் கடைமடை விவசாயி ஒருவன்